நடாலின் இடது கை: வலக்கைப் பழக்கமுள்ள என் மகளை மாற்றலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் வாரத்துக்கு நான்கு நாட்கள் விடியற்காலையில் டென்னிஸ் ஆடுபவன். வலக்கை ஆட்டம், ஒற்றைக்கை பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது). ஒன்பது வயதான என் மகளும் இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறாள். எழுதுவது, சாப்பிடுவது, பந்தை எறிவது எல்லாமே அவளுக்கு வலது கைதான். இதுவரை இரண்டு பக்கமும் மட்டையை இரு கைகளாலும் பிடித்தே அடித்துவந்தாள். இனி ஃபோர்ஹேண்டை (மட்டை பிடிக்கும் கைப்பக்கம் வரும் பந்தை அடிப்பதை) ஒற்றைக் கையால் அடிக்கப் பழக வேண்டும் என்று சொல்லும் அவளுடைய பயிற்சியாளர், எப்படியும் மாற்றத்தான் போகிறோம், இடது கைக்கே மாற்றிவிடலாம் என்கிறார். ரஃபேல் நடால் இயல்பில் வலக்கைக்காரர் என்பதையும், அவருடைய தந்தையின் சகோதரரும் பயிற்சியாளருமான டோனி நடால் அவரைச் சிறுவயதிலேயே இடது கைக்கு மாற்றியதால்தான் 22 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் கிடைத்தன என்பதையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறார்.

இந்த யோசனையை என்னால் உடனே தள்ளிவிட முடியவில்லை. அதற்கு என் சொந்த அனுபவமே காரணம். என்னோடு ஆடும் நண்பர் ஒருவர் இடக்கைக்காரர். என்னைவிட மூத்தவர், ஓட்டமும் என்னைவிடக் குறைவு. ஆனாலும் அவரிடம் நான் வெல்வது அரிது. அவர் மூலைவிட்டமாக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் தரையில் பட்டு என் இடது தோளுக்கு மேல் எழும்போது, என் முழங்கை தானாக உயர்ந்துவிடுகிறது, மணிக்கட்டு பின்னால் சாய்கிறது, மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கிறது, பந்து வலையைத் தாண்டி நடுக் கோர்ட்டில் வலுவின்றி விழுகிறது. அவருடைய அடுத்த அடியோடு அந்தப் புள்ளி முடிந்துவிடும். 2006 முதல் 2008 வரை தொடர்ந்து மூன்று பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டிகளில், என்னைப் போலவே வலக்கையால் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் ஆடிய ரோஜர் ஃபெடரருக்கு நடாலிடம் நேர்ந்ததும் இதுதானே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நடாலின் ஆட்டத்தில் இடது கையின் பங்கு உண்மையில் எவ்வளவு? அதே கால்களும் அதே உழைப்பும் உள்ள ஒரு வலக்கை நடால் இவ்வளவு வென்றிருப்பாரா? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன். ஒரு குழந்தையின் கையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருப்பதால், பொதுவான ஊக்கச் சொற்களைவிட ஆட்டத்தின் நுணுக்கமே எனக்குத் தேவைப்படுகிறது.

மூலைவிட்டம் (பதில்)

முதலில் ஒரு திருத்தம். நடால் எழுதுவதும் கோல்ஃப் ஆடுவதும் வலக்கையால் என்பது உண்மை. ஆனால், பலன் கருதித் திட்டமிட்டு டோனி அவரை மாற்றினார் என்ற கதையை டோனியே பலமுறை மறுத்திருக்கிறார். சிறுவன் ரஃபேல், உங்கள் மகளைப் போலவே, இரண்டு பக்கமும் இரு கைகளாலும் அடித்துவந்தான். இடது பக்கத்து அடியில் வலு கூடுதலாக இருந்ததைக் கண்டு, ஒற்றைக் கைக்கு வரும்போது அந்தப் பக்கமே ஃபோர்ஹேண்டாக அமையட்டும் என்று டோனி விட்டிருக்கிறார். கால்பந்து ஆடும்போதும் நடாலுக்கு இடது காலே முதன்மையானது. ஆகவே உடம்பு காட்டிய வழியில் பயிற்சியாளர் போனார் என்று சொல்வதே பொருத்தம். உங்கள் மகளின் விஷயத்தில் அப்படி ஏதேனும் தெரிகிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி இடது கை தரும் சாதகத்துக்கு வருகிறேன். அதன் பெரும்பகுதி கோர்ட்டின் வடிவத்திலும் புள்ளிகளை எண்ணும் முறையிலும் ஒளிந்திருக்கிறது. மூலைவிட்டமாக அடிப்பதே டென்னிஸில் பாதுகாப்பான அடி. வலையின் உயரம் நடுவில் குறைவு, பந்து செல்லும் தூரமும் நேர்கோட்டைவிட அதிகம் என்பதால் தவறு நேரும் வாய்ப்பு குறைகிறது. இரண்டு வலக்கைக்காரர்கள் ஆடினால் ஒருவருடைய மூலைவிட்ட ஃபோர்ஹேண்ட் மற்றவருடைய ஃபோர்ஹேண்டுக்கே போய்ச் சேரும். இடக்கைக்காரருக்கோ அந்தப் பாதுகாப்பான அடியே எதிராளியின் பேக்ஹேண்டைத் தேடிப் போகிறது. எதிராளி அதைத் தவிர்க்க வேண்டுமானால் வலையின் உயரமான ஓரத்துக்கு மேலே நேர்கோட்டில் அடிக்கும் ஆபத்தை ஏற்க வேண்டும். உங்கள் நண்பர் காலம் முழுவதும் உங்களிடம் செய்துவருவது இதைத்தான்.

சர்வீஸில் இந்தச் சாதகம் இன்னும் கூர்மையானது. ஒரு கேமில் ஆடி முடிந்த புள்ளிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அடுத்த சர்வீஸ் இடப்பக்கத்திலிருந்து, அதாவது அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து போடப்படும். முதல் மூன்று புள்ளிகள் 15, 30, 40 என்று எண்ணப்படுவதால், 30-40 என்றால் ஐந்து புள்ளிகள் முடிந்திருக்கும், 0-40 என்றால் மூன்று. டியூஸுக்கு, அதாவது 40-40 என்ற சமநிலைக்குப் பிறகு வரும் அட்வான்டேஜும் எப்போதும் ஒற்றைப்படைதான். பிரேக் பாயின்ட்டுகளில், அதாவது சர்வீஸ் போடுபவர் அந்தப் புள்ளியை இழந்தால் கேமையே இழந்துவிடும் தருணங்களில், 15-40 ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இடப்பக்கத்தில் ஆடப்படுகின்றன. 40-30, 40-0 போன்ற கேம் பாயின்ட்டுகளுக்கும் இதே கணக்குதான். இடக்கைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து போடும் ஸ்லைஸ் சர்வீஸ் (பந்து பக்கவாட்டில் சுழலும்படி சீவிப் போடுவது) வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டை விட்டு வெளியே வளைந்து வளைந்து ஓடி, அவரைக் கோர்ட்டின் எல்லைக்கு அப்பாலேயே இழுத்துவிடுகிறது. வலக்கைக்காரரின் ஸ்லைஸும் இப்படி வெளியே வளையத்தான் செய்யும், ஆனால் அது டியூஸ் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் நடக்கும். கேமின் கழுத்து இறுகும் புள்ளிகள் அங்கே அதிகம் வருவதில்லை.

2007 பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். 6-3, 4-6, 6-3, 6-4 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஃபெடரருக்கு 17 பிரேக் பாயின்ட்டுகள் கிடைத்தன. அவற்றில் அவரால் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது ஒன்றே ஒன்று. நடாலின் மன உறுதியைப் பலரும் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மிக நெருக்கடியான புள்ளிகளைத் தனக்குப் பிடித்த பக்கத்திலிருந்து, தனக்குப் பிடித்த கோணத்தில் தொடங்கும் வாய்ப்பை இடது கை அவருக்கு அளித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அரிய தன்மை. சுமார் பத்துப் பேரில் ஒருவரே இடக்கைக்காரர். பயிற்சியின் பெரும்பகுதியை வலக்கைக்காரர்களோடு கழித்த ஒருவருக்குப் பந்து எதிர்த் திசையில் வளைவது முதல் சில கேம்களுக்காவது புதிதாகவே இருக்கும்.

செங்கல்தூள் (பதில்)

மேலே எழுதிய நண்பர் கோணத்தை அழகாக விளக்கிவிட்டார். ஆனால் அந்தக் கோணம் எல்லா இடக்கைக்காரர்களுக்கும் பொதுவானது. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் இடக்கைக்காரர்தான். 2019 ஏப்ரலில் தரவரிசையில் 75ஆம் இடம் வரை உயர்ந்த திறமையாளர். அவருக்கும் அதே கோர்ட், அதே மூலைவிட்டம். பிரெஞ்சு ஓபனை 14 முறை வெல்ல வைத்தது வேறொன்று என்பதே என் கருத்து.

அந்த வேறொன்றின் பெயர் டாப்ஸ்பின், அதாவது பந்து முன்நோக்கி உருளும்படி சுழல்வது. நடால் ஃபோர்ஹேண்ட் அடிப்பதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். மட்டை பந்துக்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே உரசிக்கொண்டு ஏறுகிறது. அடி முடியும்போது கை எதிர்த் தோளைச் சுற்றிப் போகாமல், பல வேளைகளில் இடது காதின் அருகே மேலேறி, தலைக்கு மேல் சாட்டையைப் போல ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னால் விழுகிறது. பந்து தாமதமாக உடம்புக்கு அருகில் வந்தாலும்கூட இந்த வீச்சால் அதை மேலே தூக்கிவிட முடியும். அதிவேகப் படக்கருவி கொண்டு ஜான் யான்டெல் செய்த அளவீடுகளில், நடாலின் ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்குச் சராசரியாக 3200 முறை சுழல்வது தெரியவந்தது. தொண்ணூறுகளின் முன்னணி வீரர்களான சாம்ப்ராஸ், அகாஸி காலத்து அடிகள் 1800, 1900 என்ற அளவில் இருந்தவை. ஃபெடரருடையது இந்த இரண்டுக்கும் இடையில்.

இவ்வளவு சுழற்சியோடு போகும் பந்தைக் காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. வலைக்கு மேலே மிக உயரத்தில் போனாலும் கோர்ட்டின் கடைக்கோடான பேஸ்லைனுக்குள் சரிந்து விழுந்துவிடும். அதனால்தான் அவரால் முழு வலுவோடு அடித்தும் தவறில்லாமல் ஆட முடிந்தது. விழுந்த பந்து செம்மண் தரையைக் கவ்விப் பிடித்து எகிறுகிறது. பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலாண்ட் காரோஸ் மைதானத்தின் மேலடுக்கு மெல்லிய செங்கல்தூள், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். புல்தரையைப் போலப் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்ந்து போகாமல், தூள் அதைப் பற்றி மேலே தள்ளிவிடுகிறது. வெயில் நாளில் இந்த எழுச்சி இன்னும் கூடும். அந்த எழுச்சியும் இடது கையின் மூலைவிட்டமும் சந்திக்கும் இடம்தான் வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் தோள். ஒற்றைக்கை பேக்ஹேண்டுக்கு அதைவிடக் கடினமான இடம் கிடையாது. நீங்கள் வர்ணித்த முழங்கையையும் மணிக்கட்டையும் படித்தபோது, 2008 இறுதிப் போட்டியில் 6-1, 6-3, 6-0 என்று தோற்ற ஃபெடரர்தான் என் கண்முன் நின்றார்.

இதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. பிரெஞ்சு ஓபனில் நடால் ஆடிய 116 ஆட்டங்களில் தோற்றவை நான்கே. 2009இல் ராபின் சோடர்லிங், 2015இலும் 2021இலும் நோவாக் ஜோகோவிச், 2024இல் அலெக்சாண்டர் ஸ்வெரெவ். மூவருமே இரட்டைக்கை பேக்ஹேண்ட் ஆடுபவர்கள், மூவருமே ஆறடியைத் தாண்டியவர்கள். மற்றவர்களுக்குத் தோளுக்கு மேல் வந்த பந்து அவர்களுக்கு மார்பளவில் வந்தது. குறிப்பாக ஜோகோவிச், இரண்டு கைகளாலும் அதை அமுக்கி நேர்கோட்டில் திருப்பிவிட்டபோது நடாலின் முதல் ஆயுதமே மழுங்கிவிட்டது. அவர்கள் இருவரும் மோதிய 60 ஆட்டங்களில் ஜோகோவிச் 31, நடால் 29. அந்த 60 ஆட்டங்களிலும் நடால் இடக்கைக்காரராகத்தான் இருந்தார் என்பதை உங்கள் மகளின் பயிற்சியாளர் கவனிக்க வேண்டும்.

ஃபெடரரும் கடைசியில் இதற்கு விடை கண்டார். 90 சதுர அங்குல மட்டையை விட்டு 2014இல் 97 சதுர அங்குல மட்டைக்கு வந்தார். 2017இல் பந்து எழுந்து தோளுக்கு ஏறும் முன்பே, பேஸ்லைனை ஒட்டி நின்று பேக்ஹேண்டைத் தட்டையாக அடிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியின் ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கிய பிறகு தொடர்ந்து ஐந்து கேம்களை வென்றார். அந்த ஆண்டில் இருவரும் மோதிய நான்கு ஆட்டங்களும் அவருக்கே. காவிரிக்கரை நண்பரே, உங்கள் இடக்கை நண்பரிடம் நீங்கள் முயன்று பார்க்க வேண்டியதும் இதுதான். ஓரடி முன்னால் வந்து நில்லுங்கள், பந்து ஏறும்போதே அடியுங்கள், ஏறி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

காவிரிக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஓரடி முன்னால் நிற்பதை நாளைக் காலையே முயன்று பார்க்கிறேன். எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. சர்வீஸில்தான் இடது கையின் சாதகம் மிகக் கூர்மையானது என்று முதல் பதிலில் படித்தேன். ஆனால் நடாலின் ஆட்டத்தில் மிகச் சாதாரணமாகத் தோன்றிய பகுதி அவருடைய சர்வீஸ்தானே? ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அடியாகத்தான் அது பல ஆண்டுகள் இருந்தது, புள்ளியை முடிக்கும் அடியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது?

பழைய மட்டை (பதில்)

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட இந்தக் கடைசிக் கேள்விதான் உங்கள் முதல் கேள்விக்கும் விடை என்று நினைக்கிறேன்.

தரையில் பட்டு வரும் பந்தை அடிப்பது உடம்பைத் திருப்பும் வேலை. இடுப்பும் தோளும் கால்களும் அதில் பெரும் பங்கு ஏற்கின்றன. போதிய வயதில் தொடங்கினால் அதை எந்தக் கைக்கும் ஓரளவு பழக்கிவிடலாம். சர்வீஸ் அப்படிப்பட்டதன்று, அது எறிதல். மாங்காய்க்குக் கல் எறிகிற அதே அசைவுதான். முழங்கை முன்னால் வந்து, முன்கை உள்நோக்கிச் சுழன்று, மணிக்கட்டு கடைசியாகத் தெறிக்கும் அந்த வரிசையைக் குழந்தை மூன்று, நான்கு வயதில் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறது. எந்தக் கையால் அதைக் கற்றுக்கொண்டதோ அந்தக் கையில்தான் அது குடியிருக்கும்.

டென்னிஸில் கை மாறியவர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால் இயல்பில் இடக்கைக்காரர். அவருடைய தந்தை அவரை வலக்கையால் ஆடப் பழக்கினார். உலகின் மிகச் சிறந்த பேக்ஹேண்டுகளில் ஒன்று அவருக்கு அமைந்தது, எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். ஆனால் சர்வீஸ் கடைசிவரை மென்மையாகவே இருந்தது. நான்கு முறை விம்பிள்டன் இறுதிக்கு வந்தும் அந்தக் கோப்பை அவருக்குக் கிட்டவில்லை. ஜெர்மனியின் ஏஞ்சலிக் கெர்பர் இயல்பில் வலக்கைக்காரர், ஆடியது இடக்கையால். 2016இல் ஆஸ்திரேலிய ஓபனையும் யு.எஸ். ஓபனையும், 2018இல் விம்பிள்டனையும் வென்றவர். அவரை எதிர்த்து ஆடியவர்கள் முதலில் குறிவைத்தது அவருடைய இரண்டாவது சர்வீஸைத்தான். மூன்றாமவர் நடால். இந்தப் பக்கத்தில் இயல்பான இடக்கைக்காரர்களான ஜான் மெக்கன்ரோவையும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையும் கோரன் இவானிசெவிச்சையும் வையுங்கள். பேஸ்லைனுக்கு இணையாகப் பாதங்களை வைத்து, எதிராளிக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டியபடி நின்று மெக்கன்ரோ போட்ட அந்த ஸ்லைஸ், அட்வான்டேஜ் பக்கத்தில் எதிராளியைப் பார்வையாளர் வரிசையை நோக்கியே துரத்தும். நவ்ரத்திலோவா ஒன்பது விம்பிள்டன் ஒற்றையர் பட்டங்களை அதே கோணத்தில் சர்வீஸ் போட்டு, அதன் பின்னாலேயே வலைக்கு ஓடி வென்றார். தோள்வலியால் தரவரிசையில் நூறுக்கும் கீழே போயிருந்த இவானிசெவிச் 2001இல் விம்பிள்டனை வென்றதும் அந்த எறிகையால்தான்.

இடது கையின் மிகப் பெரிய வரம் சர்வீஸில் இருக்கிறது. கை மாறியவர்களுக்கு மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதே வரம்தான். நடால் வளைவையும் கோணத்தையும் பெற்றார், எறிகையின் வேகத்தைப் பெறவில்லை. அதனால் சர்வீஸை எதிராளியை இடம்பெயர்க்கும் அடியாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஃபோர்ஹேண்டில் தன் ஆட்டம் முழுவதையும் கட்டினார். 2010 யு.எஸ். ஓபனுக்கு முன்பு சர்வீஸ் பிடியைச் சற்றே மாற்றி, மணிக்கு 210 கிலோமீட்டரைத் தாண்டிய சர்வீஸ்களை அவர் போட்டதும், அந்தப் பட்டத்தை ஒரே ஒரு செட்டை இழந்து வென்றதும் உண்டு. ஆனால் அந்த வேகம் அவரிடம் நிலைத்துத் தங்கவில்லை. உடம்புக்குச் சொந்தமில்லாத அசைவு நெருக்கடியில் கழன்றுகொள்ளும் என்பதைப் பிள்ளைகளிடம் நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

கை மாறியதால் அவருக்கு ஒரு நன்மையும் வந்தது, அதை மறைக்கக் கூடாது. இரட்டைக்கை பேக்ஹேண்டில் அடியை ஓட்டுவது மேலே இருக்கும் கைதான். இடக்கை ஆட்டக்காரருக்கு மேலே இருப்பது வலக்கை. நடாலுக்கு அது எழுதும் கை. ஓடிப்போய் மூலையில் நீட்டிப் பிடித்தபடி அவர் அடித்த அந்த மூலைவிட்ட பேக்ஹேண்டின் திடத்துக்கு அந்தக் கை ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அம்மா, அப்பா யாருக்கும் நான் முடிவு சொல்வதில்லை. சோதனை மட்டும் சொல்கிறேன். ஒரு பழைய டென்னிஸ் பந்தை மகளிடம் கொடுத்து, இருபதடி தூரத்துச் சுவரில் ஒரு கோட்டுக்கு மேலே படும்படி முதலில் வலக்கையால் பத்து முறை, பிறகு இடக்கையால் பத்து முறை எறியச் சொல்லுங்கள். பந்து எங்கே படுகிறது என்பதைவிட முழங்கையைக் கவனியுங்கள். பந்தை விடுவதற்கு முன்பு முழங்கை தோளைத் தாண்டி முன்னால் வருகிறதா, அல்லது கை முழுவதும் ஒரே கட்டையாகச் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தால் போதும்.

நுங்கம்பாக்கம் மாடம் (பதில்)

கைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். கால்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன். நடால் 2004இல் பதினேழு வயதில் சென்னைக்கு வந்து டாமி ராப்ரெடோவுடன் இரட்டையர் பட்டம் வென்றவர். 2008 ஜனவரியில் உலகின் இரண்டாம் நிலை வீரராக மீண்டும் வந்தபோது அரையிறுதியையும் இறுதியையும் நுங்கம்பாக்கம் மைதானத்தில் இருந்து பார்த்தேன்.

அரையிறுதியில் எதிராளி கார்லோஸ் மோயா. நடாலைப் போலவே மயோர்க்கா தீவுக்காரர், 1998 பிரெஞ்சு ஓபன் சாம்பியன், பிற்காலத்தில் நடாலுக்கே பயிற்சியாளராக வந்தவர். மூன்று செட்டும் 6-6 என்று சமனாகி, டை-பிரேக்கரில்தான் முடிந்தன. முதலாவது மோயாவுக்கு, மற்ற இரண்டும் நடாலுக்கு. ஆட்டம் 3 மணி 54 நிமிடம் நீடித்தது. சென்னையின் ஜனவரி இரவு குளிர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்த ஈரக்காற்றில் நடாலின் சட்டையில் நனையாத இடம் ஒன்றுகூட இல்லை. அவர் சர்வீஸுக்கு முன்பு பந்தைத் தட்டும்போது முன்கையிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழுவது எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. ஆட்டம் முழுவதும் அவர் தன் பேக்ஹேண்ட் மூலைக்கு வந்த பந்துகளைக்கூட, நாலைந்து சிறு அடிகளாக எட்டு வைத்துச் சுற்றிப்போய், ஃபோர்ஹேண்டாலேயே அடித்துக்கொண்டிருந்தார். அப்படிச் சுற்றிப்போக ஒரு புள்ளிக்கு எத்தனை எட்டுகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

மறுநாள் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் மிகாயில் யூஷ்னி. வலக்கைக்காரர், அதுவும் ஒற்றைக்கை பேக்ஹேண்ட். மேலே நண்பர்கள் எழுதிய கணக்குப்படி நடாலுக்கு மிகவும் வசதியான எதிராளி. ஆனால் யூஷ்னி 6-0, 6-1 என்று வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடாலிடம் முந்தைய நாள் இருந்த அதே இடது கை, அதே மட்டை, அதே கோர்ட். பந்துக்குப் பின்னால் போய் நிற்கும் கால்கள் மட்டும் அன்று அவரிடம் இல்லை. அரை எட்டுத் தாமதமாகப் பந்தைச் சேர்ந்தபோது, மேலே உரசி ஏற்றும் வீச்சுக்கு இடமில்லாமல், அடிகள் குட்டையாக விழுந்தன. அவை யூஷ்னியின் இடுப்பு உயரத்தில் எழுந்தன. தோள்வரை எழுந்தவை மிகச் சில.

நடாலின் சுழற்சி கையில் பிறக்கிறது என்று அதுவரை நம்பியிருந்த நான், அன்று மாலை என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். முழங்கால்களும் இடது பாதமும் அவரை ஏன் வாழ்க்கை முழுவதும் வாட்டின என்பதும் அந்த இரண்டு நாட்களை அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

மூலைவிட்டம்

நுங்கம்பாக்கம் நண்பரின் சாட்சியம் மிக மதிப்புள்ளது. ஆனால் ஒரு நாள் களைப்பை வைத்துக் கோணத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். 2020 பிரெஞ்சு ஓபன் தொற்றுக்காலத்தால் இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. குளிர், கனத்த புதுப் பந்து, இறுதிப் போட்டியில் மூடிய கூரை என்று பந்து உயர எழுவதற்கு எதிரான எல்லாமே ஒன்றுகூடியிருந்தன. சுழற்சியும் எழுச்சியுமே எல்லாம் என்றால் நடால் அந்த ஆண்டு தோற்றிருக்க வேண்டும். அவரோ தொடர் முழுவதும் ஒரு செட்டையும் இழக்காமல், இறுதியில் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். பந்து எழாத நாளிலும் இடக்கைக்காரரின் கோணம் அப்படியே இருக்கும். அதை எங்கே, எப்போது மாற்றி அடிப்பது என்ற அறிவு அவரிடம் முப்பத்து நான்காவது வயதில் முழுமையாகக் கனிந்திருந்தது. பழைய மட்டை ஐயா சொன்ன எறிதல் பற்றிய கருத்தை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். நான் சர்வீஸின் கோணத்தை எழுதினேனே தவிர, அதைப் போடும் தோளைப் பற்றி யோசிக்கவில்லை.

காவிரிக்கரை

நேற்று மாலை வீட்டு மாடிச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, பழைய மட்டை ஐயா சொன்னபடி மகளை எறியச் சொன்னேன். வலக்கையால் எறிந்த பத்திலும் முழங்கை முதலில் வந்தது. இடக்கையால் எறிந்தபோது மூன்றாவது முறையிலேயே பந்து அவள் காலடியில் விழுந்தது, கையை நீட்டியபடி உடம்போடு சேர்த்தே சுற்றினாள். ஃபோர்ஹேண்ட் பக்கத்தையும் கவனித்தேன். இரு கைகளால் அடிக்கும்போது வலப்பக்கத்து அடியே நீளமாகப் போகிறது. இரண்டையும் கைப்பேசியில் பதிவுசெய்து பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வலக்கையிலேயே தொடரலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அவளுடைய பேக்ஹேண்டை இரட்டைக்கையாகவே வைத்திருப்பது என்றும் பேசி முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை என் இடக்கை நண்பர் வந்து, அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து ஒரு கூடைப் பந்தையும் அவளுக்கு வெளிப்பக்க ஸ்லைஸாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பிறகு அதே கூடையோடு நானும் நிற்கப் போகிறேன், ஓரடி முன்னால்.